இரவல் கட்டில்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போன மூன்றே மாதத்தில் மகன் இப்படி மாறுவான் என்று அம்மா கனவிலும் நினைக்கவில்லை. வீடியோ காலில் தெரிந்த கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. துவைத்த துணிகள் அடுக்கியிருந்தன.

“நீயாடா இது? இங்கே குடிச்ச தம்ளரைக்கூட எடுத்து வைக்க மாட்டியே!”

“தனியா இருந்தா எல்லாம் தானா வந்துடுதும்மா.”

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனை வைத்தாள். மகனுக்கு உள்ளே சுருக்கென்றது. அவன் உட்கார்ந்திருந்தது அறைத்தோழனின் கட்டில். எதிரே இருந்த இவனுடைய கட்டிலில் அழுக்குத் துணி மலையாகக் கிடந்தது.

போதும் இந்தப் பித்தலாட்டம் என்று எழுந்து போய், அந்த மலையிலிருந்து முதல் காலுறையை எடுத்தான்.

“தொடாதே!” அறைத்தோழன் பாய்ந்து வந்தான். “அஞ்சு நிமிஷத்துல எங்கம்மா கூப்பிடுவாங்க!”

காலுறையைப் பிடுங்கித் தலையணைமேல் போட்டான். படிய வாரிய தலையைக் கலைத்துக்கொண்டு அந்த மலைக்கு நடுவில் உட்கார்ந்தான். போன் அடித்தது.

“என் கட்டில் கிடக்கற லட்சணத்தைப் பாத்தீங்களாம்மா? எனக்குப் போய் இப்பக் கல்யாணமா? எந்தப் பொண்ணு என்கூடக் குப்பை கொட்டுவா?”

“நான் பொண்ணு வீட்லதான்டா இருக்கேன். அவளும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கா.”

அறைத்தோழன் வெற்றிக் களிப்போடு இவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அம்மாவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் துள்ளி வந்தது.

“அப்பாடா! என் ரூமும் இப்படித்தான் அத்தை இருக்கும். எனக்குச் சம்மதம்!”