வலப்பக்கக் கைப்பிடி

"வலப்பக்கக் கதவுல கைப்பிடியை வெட்டி எடுத்துடு. ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சு, பட்டி பார்த்து, கைப்பிடி இருந்த சுவடே தெரியாம பெயின்ட் அடிச்சுடணும்" என்றார் எலிஹியோ.

எஸ்பான்யோலா ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. பழைய பிக்கப் வண்டியைச் சிங்காரிக்கிறவர்கள் எல்லோரும் கைப்பிடியை எடுத்துவிட்டுக் கதவை வழவழவென்று ஆக்குவார்கள். ஆனால் இரண்டு பக்கமும் எடுப்பார்கள்.

"ரெண்டையும் எடுத்துடலாம் பெரியவரே. அப்பதான் எடுப்பா இருக்கும்" என்றாள் பட்டறைக்காரி டெல்ஃபினா.

"நான் ஓட்டற இடப்பக்கம் இருக்கட்டும். அவ பக்கம் மட்டும் எடு."

"அப்புறம் அவங்க எப்படி ஏறுவாங்க?"

"என் சாவிக்கொத்துல ஒரு விசை வச்சுக் குடு. நான் அமுக்கினா கதவு திறக்கணும்."

"அவங்களுக்கும் ஒரு விசை?"

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே!"

டெல்ஃபினாவுக்குச் சுருக்கென்றது. அவர் மனைவி எர்லிண்டா, கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி சுவரோரம் நின்றிருந்தாள். டெல்ஃபினா ஒரு கோப்பை காபியை நீட்டினாள். அந்த அம்மாள் கையை வெளியே எடுக்காமல் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு வேண்டாம்" என்றார் எலிஹியோ.

அவர்கள் போனதும் டெல்ஃபினா பொரிந்து தள்ளினாள். "பார்த்தியா நெஸ்டர்? ஒரு வாய் காபி குடிக்கக்கூட அந்த ஆளோட உத்தரவு வேணும்!"

"வேலையைத் திருப்பி அனுப்பிடலாம்கா" என்றான் கூட வேலை பார்க்கும் நெஸ்டர்.

"அனுப்பினா வேற பட்டறையில முடிச்சுக்குவான். நம்ம கையில இருந்தா அந்தம்மாவுக்கு ஏதாவது ஒரு வழி பண்ணலாம்."

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வீட்டுச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு தன்னைத் தெருவில் நிறுத்திய புருஷனோடு நாலு வருஷம் குடித்தனம் செய்தவள் அவள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. கைப்பிடி போன இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தாள். பட்டி போட்டு, பிரைமர் அடித்து, மேலே கரும்பொடி தூவி, கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தாள். மேடெல்லாம் வெளுக்க, பள்ளத்தில் மட்டும் கறுப்பு நின்றது. மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு. எட்டுத் தடவை ஆயிற்று. எரிச்சலோடு செய்தாலும் வேலையில் குறை வைக்க அவளுக்குத் தெரியாது.

பெயின்ட் அடிக்கும் முன்னால், யாருக்கும் தெரியாமல் இன்னொரு வேலையும் செய்தாள். வலப்பக்கக் கதவுக்குக் கீழே, விளிம்பின் மறைவில், சின்னதாக ஒரு பொத்தானைப் பொருத்தினாள்.

சனிக்கிழமை காலை இருவரும் வந்தார்கள். முற்றத்தில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்று, மிட்டாய்ச் சிவப்பில் மின்னிய வண்டியை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலிஹியோ இடப்பக்கம் குனிந்து பெயின்டில் தன் மீசையை அழகு பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் சமயம் என்று டெல்ஃபினா எர்லிண்டாவை நெருங்கினாள்.

"அம்மா, காதைக் குடுங்க. கதவுக்கு அடியில ஒரு பொத்தான் வச்சிருக்கேன். அமுக்கினா திறந்துக்கும். உங்க வீட்டுக்காரருக்குத் தெரியாது. இனிமே அவரை நம்பி நிக்க வேண்டாம்."

எர்லிண்டா அவளையே பார்த்தாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து மெல்லக் கைகளை வெளியே எடுத்தாள்.

விரல்கள் பத்தும் முட்டி வீங்கி, கோணிக்கொண்டு போயிருந்தன.

"எங்கேம்மா அமுக்கறது? ஒரு கோப்பையைப் பிடிக்க முடியலை. போன ஈஸ்டர் அன்னிக்கு சர்ச் வாசல்ல, அவர் சுத்தி வர்றதுக்குள்ள நானே திறந்துடலாம்னு கைப்பிடியோட மல்லுக்கட்டினேன். ஊரே பார்த்துட்டு 'ஐயோ பாவம்'னுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் நான் வாசப்படி தாண்டலை."

டெல்ஃபினா குரலைத் தாழ்த்தினாள். "அப்போ ரெண்டு பக்கமும் எடுத்திருக்கலாமே, அம்மா?"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'ரெண்டையும் எடுத்தா பார்க்கறவன் ஸ்டைலுன்னுவான். எங்கே, நீ திறந்து காட்டுன்னு உன்கிட்டதான் விளையாட்டுக்குக் கேப்பான். உன் பக்கம் மட்டும் இல்லைன்னா என்னைத் திட்டுவான். திட்டிட்டுப் போறான்'ங்கறார்" என்றாள். சொல்லும்போதே அவள் முகத்தில் வெட்கம் கலந்த சிரிப்பு.

பட்டென்று கதவு திறந்தது. எலிஹியோ சாவிக்கொத்தை ஆட்டியபடி, "ஏறு, ஏறு! நேரமாச்சு!" என்று அதட்டினார். எர்லிண்டா கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மகாராணியாட்டம் ஏறி உட்கார்ந்தாள். அவர் சுற்றி வந்து கதவைச் சாத்தினார்.

"என்னய்யா இது, அந்தம்மா பக்கம் கைப்பிடியே காணோம்?" என்றார் முற்றத்தில் ஒருவர். எல்லோர் பார்வையும் எர்லிண்டா பக்கம் திரும்பியது.

டெல்ஃபினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, முற்றம் அதிரக் கத்தினாள். "எல்லாம் இந்த ஆளோட திமிர்! பொண்டாட்டிக்கு ஒரு கைப்பிடிகூட விடாத முரடன் இந்த ஊர்ல இவர் ஒருத்தர்தான்!"

எல்லோரும் எலிஹியோவைப் பார்த்து முறைத்தார்கள்.

அவர் டெல்ஃபினாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, தலை தாழ்த்தி ஒரு வணக்கம் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.