இரண்டாவது ஸ்லைடில் குறட்டை

"ஆகவே, தற்போதைய கதவு உணரியின் செயல்திறன் வரம்பானது..."

கொர்ர்ர்.

அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது ஸ்லைடுகூட இன்னும் முடியவில்லை.

அவள் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினீயர். கதவு மூடும்போது குறுக்கே ஒரு கைத்தடி இருந்தால்கூடக் கண்டுபிடித்து உடனே திறந்துவிடும் சென்சார் ஒன்றை இரண்டு வருஷம் மல்லுக்கட்டிச் செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை அதை டைரக்டர்கள் முன்னால் விளக்க வேண்டும்.

"உங்களுக்குத்தான் பேச்சு வராதேம்மா. பேப்பரைப் பார்த்துப் படிப்பீங்க, தலையே நிமிராது. பேசாம நானே பேசிடறேனே" என்றார் மேனேஜர். ரொம்ப அக்கறையாகத்தான் சொன்னார். விட்டால் சென்சாரே அவர் செய்ததாகிவிடும்.

"இல்ல சார், நானே பேசறேன்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குத்தான் இந்த ஒத்திகை. அதற்குத்தான் இந்தக் குறட்டை.

"ஏங்க!"

"ம்... சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்தைக் கேட்டீங்க?" லேப்டாப்பை மூடிவிட்டு நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். "நான் என்ன பொழுது போகாமலா இதைச் செஞ்சேன்? ஒரு பெரியவரு, கைத்தடியை முன்னால நீட்டிக்கிட்டு லிஃப்டுக்குள்ள போறாரு. கதவு மூடுது. ஆள் நின்னா அதுக்குத் தெரியும். தடி தெரியாது! தடியைக் கவ்விக்கிச்சு. மனுஷன் அப்படியே விழுந்துட்டாரு."

விழுந்த விதத்தைக் கையால் காட்டினாள்.

"இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரில போய்ப் பார்த்தேன். 'தப்பு என்மேலதாம்மா, நான் மெதுவா வந்துட்டேன்'னாரு. அவரு மேல என்னங்க தப்பு? இதைக் கேட்டா உங்களுக்குத் தூக்கம் வருதா?"

"ஐயையோ, இல்லம்மா. நீ படி, படி."

படித்தாள். மறுபடியும் கொர்ர்ர். மிச்ச ஸ்லைடுகளைச் சுவரைப் பார்த்துப் படித்து முடித்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். ஒருநாள் அவள் அக்காவும் வந்திருந்தாள்.

"சூப்பர்டி! அப்படியே நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று கைதட்டிவிட்டு, சோபாவைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள் அக்கா. "பொண்டாட்டி உசுரைக் குடுத்துப் பேசறா. உன் வீட்டுக்காரர் என்னடி, எருமை மேல மழை பெய்ஞ்ச மாதிரி கிடக்கறாரு?"

அக்கா போனதும் அன்றைய திட்டு வழக்கத்தைவிட நீளமாக நடந்தது. திட்டி முடித்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. வேறு யாரும் வேண்டாம், இந்த ஒரு மனுஷர் முழித்திருந்து கேட்டால் போதாதா?

வெள்ளிக்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். முதல் ஸ்லைடைப் படித்தாள். பேப்பரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓரத்தில் மேனேஜர் முகத்தில் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று எழுதி ஒட்டியிருந்தது.

இரண்டாவது ஸ்லைடு. முன்வரிசையில் சேர்மனின் தாடை மெல்ல மெல்ல மார்பில் இறங்கியது.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை நாளாகப் பழகிய கோபம்! பேப்பரை மேஜையில் வைத்துவிட்டு, நேரே சேர்மன் முன்னால் போய் நின்றாள்.

"சார், ஒரு பெரியவரு, கைத்தடியை முன்னால நீட்டிக்கிட்டு லிஃப்டுக்குள்ள போறாரு. கதவு மூடுது..."

சேர்மன் கண்ணைத் திறந்தார். பிறகு மூடவே இல்லை. 'நான் மெதுவா வந்துட்டேன்'னாரு என்று அவள் சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். முடிவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இதை நம்ம எல்லா லிஃப்ட்லயும் எப்பம்மா மாட்டப் போறோம்?"

வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினாள். "ஏங்க, ஒத்துக்கிட்டாங்க! என்னையே முன்னால நின்னு நடத்தச் சொல்லிட்டாங்க!"

நடந்ததை எல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். "அந்தச் சேர்மன் மட்டும் தூங்கலைன்னா, நான் கடைசி வரைக்கும் பேப்பரைத்தான் படிச்சிருப்பேன். எல்லாம் உங்களைத் திட்டித் திட்டி வந்த பழக்கம்."

அவர் முகமெல்லாம் சிரிப்பு. டீயை ஆற்றி அவள் கையில் கொடுத்தபடி கேட்டார். "கடைசியா அந்தச் சிவப்புக் கைத்தடி படம் வருமே, அதைக் காட்டினப்ப என்ன சொன்னாங்க?"

"எல்லாரும் கைதட்டி..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அது கடைசி ஸ்லைடாச்சே! நீங்க ஒரு நாளாவது ரெண்டாவதைத் தாண்டியிருக்கீங்களா?"

அவர் டீ வடிகட்டியை ரொம்பக் கவனமாகக் கழுவ ஆரம்பித்தார்.

"அப்ப தூங்கவே இல்லையா? அத்தனை திட்டையும் முழிச்சுக்கிட்டேவா வாங்கினீங்க?" டீயைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள். "பேப்பரைக் கீழ வெச்சுட்டுப் பேசுன்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா, அதையும் பேப்பர்ல எழுதி வெச்சுக்குவ."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கியது.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "உனக்குப் பேச்சு வராதுன்னு உங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. பாவம், அவங்கள்ல ஒருத்தர்கூட உன்கிட்டத் திட்டு வாங்கினதில்ல!"