பந்தில் பேர் போட்டவர்கள்

காட்டு முயல்களுக்குக் கால்பந்து ஆடும் ஆசை வந்துவிட்டது. ஆட ஆள் இருந்தது, மைதானம் இருந்தது, பந்துதான் இல்லை. பந்து வாங்கக் காசு சேர்க்க, துள்ளி என்ற முயல் தட்டு நிறையச் சாக்லேட்டோடு கிளம்பியது.

"எனக்குப் பல்வலி," என்றார் கழுதை அண்ணாச்சி.

"தோகையில ஒட்டிக்கும்," என்றார் மயில் மாமா.

நிறைந்த தட்டோடு திரும்பத் துள்ளிக்கு மனசில்லை. "வாங்குறவங்க பேரைப் பந்து மேலயே எழுதுவோம்," என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தது.

அவ்வளவுதான். அண்ணாச்சி நாலு வாங்கினார். மாமா ஆறு வாங்கி, தன் பேர்தான் பெரிசாக இருக்க வேண்டும் என்றார். மத்தியானத்துக்குள் தட்டு காலி. துள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை.

பந்து வந்தது, இடம் விடாமல் கொட்டை எழுத்தில் பேர்களோடு. மொத்தக் காடும் மைதானத்தில் கூடிவிட்டது. விசில் ஊதியதும் துள்ளி பாய்ந்து வந்து காலை ஓங்கியது.

"நில்லு," என்றார் அண்ணாச்சி. "என் பேரையா உதைக்கப் போற?"

துள்ளி பந்தை மெல்ல உருட்டித் திருப்பியது. அந்தப் பக்கம் மாமாவின் பேர். மாமா முறைத்தார்.

கடைசியில் பந்தைப் பாறை மேல் ஏற்றி மாலை போட்டார்கள். கூட்டம் ஆரவாரம் செய்து கலைந்தது.

மறுநாள் காலையில், இன்னொரு பந்துக்காக, துள்ளி மறுபடியும் சாக்லேட் தட்டோடு அண்ணாச்சி முன்னால் போய் நின்றது. அவர் பல்வலி என்று சொல்லவில்லை.

"பத்து குடு," என்றார். "இந்தத் தடவை மயிலைவிட என் பேர் பெரிசா வரணும்."