யாரும் பார்க்காத படம்

பட்டப்பகலில் வீட்டு விளக்குகள் அத்தனையையும் எரியவிட்டு, சினிமா விமர்சகர் ஆவேசமாக எழுதிக்கொண்டிருந்தார்.

“கலைப்பட மேதை எடுத்த ஒரே திகில் படம்! பேயே வராது, மனசுதான் பேய். முப்பது வருஷமா சீந்துவாரில்லாம கிடக்கு” என்று மனைவியிடம் பொருமினார். “அன்னைக்கு எவனோ, ‘குழந்தைகூடப் பயப்படாது’ன்னு எழுதினானாம். படம் படுத்துடுச்சு. அந்த மடையன் மட்டும் கையில கிடைக்கட்டும்!”

மனைவி அலமாரியிலிருந்து பழைய ஃபைலை எடுத்துவந்து பிரித்தாள். பழுப்பேறிய விமர்சனத்தின் அடியில் அவர் பெயர்.

“நானா?”

“வாரத்துக்கு ஆறு படம் எழுதின காலம், எங்கே ஞாபகம் இருக்கப்போகுது? இடைவேளையிலேயே வேர்த்து விறுவிறுத்து வெளிய வந்துட்டீங்க. மீதியை நான்தான் பார்த்தேன். நீங்க நிம்மதியாத் தூங்கணுமேன்னு, ‘குழந்தைகூடப் பயப்படாதுங்க’ன்னு ஆறுதலுக்குச் சொன்னேன். அதை அப்படியே அச்சுல ஏத்திட்டீங்க.”

விமர்சகர் அசடு வழிந்தார்.

“போகட்டும், இன்னைக்காவது முழுசாப் பார்த்தீங்களா?”

டி.வி.யில் படம் பாதியில் நின்றிருந்தது.

“மீதியை நீயே பார்த்துட்டுச் சொல்லேன்” என்று வாசல் பக்கம் நகர்ந்தார். “இந்தத் தடவையாவது உண்மையைச் சொல்லு.”