நாற்பத்து மூன்று கீ

"நாற்பத்து மூணு சார்! ஒரே வாரத்துல!"

பட்டியலை முதலாளியின் மேசையில் விரித்தான் புரோகிராமர்.

மருந்துக்கடைகளுக்கு அவர்கள் விற்கும் சாஃப்ட்வேரை நிறுவ, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கீ, அதாவது ஒரு ரகசிய எண்தான். அந்த கீயை உருவாக்குகிற புரோகிராமை எழுதியவனே அவன்தான். அவனைக் கேட்காமல், யார் அனுமதியும் இல்லாமல், கடைக்காரர்களின் போன்களைக் கவனிக்கும் சப்போர்ட் அக்கா இத்தனையை வெளியே விட்டிருக்கிறார்.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வேலியே பயிரை மேயலாமா? யாருக்குக் கொடுத்தே?"

"ஏற்கெனவே வாங்கினவங்களுக்குத்தான் சார்."

"வாங்கினவங்களுக்கு எதுக்கு இன்னொண்ணு? பக்கத்துக் கடைக்குத் தானம் பண்ணவா?"

அக்கா புரோகிராமரை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"பூனை கண்ணை மூடிக்கும். நீங்க வாயை மூடிக்கிறீங்களாக்கா?" என்றான் அவன். சொன்னதும் நாக்கு லேசாகக் கசந்தது. சேர்ந்த புதிதில் அவனுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே அக்காதான்.

"ஒன்பது வருஷம் சார்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறினார்.

முதலாளி அவன் தோளில் தட்டினார். "கில்லாடிப்பா நீ! வெள்ளிக்கிழமையோட உன் ப்ரொபேஷன் முடியுதில்ல? எதுக்கு அதுவரைக்கும்? இப்பவே கையெழுத்து போடறேன். உன் வேலை நிரந்தரம்."

அக்காவின் இடத்தில் போன் விடாமல் அடித்தது. போய் எடுத்தான். ஒரு மருந்துக்கடைக்காரர்.

"அந்தம்மா இல்லையா? கடை முழுக்க ஆள் நிக்கறாங்க தம்பி. கீ காலாவதின்னு காட்டுது."

"எங்க கீ காலாவதியே ஆகாதுங்க."

"நல்லாருக்கே கதை! போன வருஷம் முதல்ல போன அறுபது கீயும் அப்படித்தானாமே? சோதனைக்கு வெச்ச ஒரு வருஷக் கெடுவை எடுக்காமலே அனுப்பிட்டாங்களாம்."

சேர்ந்த வாரத்தில் அவனே உட்கார்ந்து போட்ட அறுபது.

"யா... யாருங்க சொன்னது?"

"அந்தம்மாதான். வரிசையா எல்லாருக்கும் புது கீ கொடுத்துட்டு வர்றாங்க, இன்னிக்கு என் முறை. ஆனா தம்பி, ஆபீஸ்ல மூச்சு விட்டுடாதீங்க. 'பாவம், எழுதின பையனுக்கே இது தெரியாது. வெள்ளிக்கிழமை அவன் வேலை நிரந்தரமாகட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு, கையைப் பிடிக்காத குறையாக் கேட்டுக்கிட்டாங்க."