திரும்பி வராத கதைகள்

"ஏனுங்க, ஊரே போன்ல கதை அனுப்புது. நீங்க மட்டும் இன்னும் ஸ்டாம்ப்பை நக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, வெவஸ்தை வேண்டாமுங்களா?"

சசிரேகா அடுப்படியிலிருந்தே கத்தினாள். அவள் கணவன் ராஜசேகர் குன்னூரில் ஒரு டீ பேக்டரியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை லீவு வந்தால் போதும், உட்கார்ந்து கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப ஆரம்பித்துவிடுவான்.

"போன்ல அனுப்பினா போச்சா, போகலையான்னே தெரியாது புள்ள. தபால்னா அப்படியில்ல. நம்ம அட்ரஸ் எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, கூடவே ஒரு பதில் கவர் வெச்சுட்டாப் போதும். கதை புடிக்கலைன்னா அதுலயே திருப்பி அனுப்பிருவாங்க. நாணயமான ஏற்பாடு!"

"நாணயமாம் நாணயம்! இத்தனை வருசத்துல ஒரு கதையாச்சும் அச்சுல வந்துச்சுங்களா?"

"வரலை. ஆனா, திரும்பியும் வரலையே!" ராஜசேகர் எழுந்தே வந்துவிட்டான். முகத்தில் அப்படியொரு பிரகாசம். "முன்னாடி நானே போஸ்ட் பண்ணினப்ப அத்தனையும் திரும்பி வந்துச்சு. நீ கவரை ஒட்டிப் பெட்டில போட ஆரம்பிச்சதுக்கப்புறம் ஒண்ணுகூட வரலை. அப்படின்னா என்ன அர்த்தம்? எல்லாம் செலக்ட் ஆகி வரிசையில நிக்குது. உன்ற கைராசி, வேறென்ன!"

சசிரேகா கரண்டியை ணங்கென்று வைத்தாள்.

"அதனால ஒரு முடிவு பண்ணிப்போட்டேன். மாசக் கடைசியில வேலைய உட்டர்றேன். ராஜினாமா எழுதி வெச்சாச்சு. இனி கதை மட்டுந்தான்."

"அய்யோ கடவுளே! வேலைய உட்டா இந்தக் குவார்ட்டர்ஸையும் காலி பண்ணோணுமுங்க. ரெண்டு புள்ளைங்களைக் கூட்டிட்டு இந்த மழையில எங்க போறது? எடிட்டருங்க உங்க கதைய எங்கியாச்சும் தொலைச்சிருப்பாங்க!"

"எல்லாப் பத்திரிகைக்காரங்களுமா? ஸ்டாம்ப் ஒட்டின கவர் கூட இருக்கும்போதா?"

சசிரேகாவுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, ஒரே ஒரு கதை திரும்பி வந்துச்சுன்னா?"

"ராஜினாமாவைக் கிழிச்சுப் போட்டர்றேன். உன்ற மேல சத்தியம். ஆனா வராது பாரு!" புதுக் கதையையும் பதில் கவரையும் அவள் கையில் திணித்தான். "இதையும் நீயே ஒட்டிப் போட்டுரு." விசிலடித்துக்கொண்டே கடைத்தெருவுக்குக் கிளம்பினான்.

"கருமம், கருமம்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சசிரேகா. முன்பெல்லாம் ஒரு கதை திரும்பி வந்தால் இந்த மனுசன் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான். அதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

அவன் வளைவில் மறைந்ததும் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு, ஈரம் படாமல் புதைத்து வைத்திருந்த கட்டை வெளியே இழுத்தாள். அவன் ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுத்த பதில் கவர்கள் அத்தனையும் அதில் இருந்தன. ஒன்றைக்கூட அவள் கதையோடு வைத்து அனுப்பியதில்லை.

பத்திரிகையிலிருந்தே திரும்பி வந்த மாதிரி, சென்னையிலிருக்கும் தம்பியை விட்டுத் தபாலில் போட வைக்க ஒரு கவரை உருவிக்கொண்டு, அவன் அனுப்பியது போக அலமாரியில் மிச்சமிருந்த கதை ஜெராக்ஸ்களைத் தரையில் பரப்பினாள். எது திரும்பி வந்தால் அவனுக்கு வலி குறைவாக இருக்கும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே தேட ஆரம்பித்தாள்.