அரசியைப் பற்றி ஒரு வரி

பழைய கதைப்புத்தகம் ஒன்றுக்குள் புத்தகப் பூச்சிகளின் பள்ளிக்கூடம் நடந்தது. சொன்ன கருத்துக்குக் கதையிலிருந்து வரியைத் தொட்டுக் காட்டாதவர்களை டீச்சர் அடுத்த வகுப்புக்கு விடமாட்டாள்.

'அரசி இரக்கமுள்ளவள்' என்று எழுதிவிட்டாள் மினுக்கி. காலையில் மறுபடி ஊர்ந்து பார்த்தபோது, 'அரசி கிளியின் கழுத்தைத் திருகினாள்' என்றொரு வரி கிடந்தது. மினுக்கி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தின்றுவிட்டாள்.

"இரக்கமுள்ளவள் என்று எங்கேடி இருக்கிறது?" என்றாள் டீச்சர்.

"இல்லாதவள் என்றும் எங்கேயும் இல்லையே, டீச்சர்!"

டீச்சர் குனிந்து பார்த்தாள். மினுக்கியின் கண்ணாடி போன்ற வயிற்றுக்குள் எழுத்துகள் இன்னும் கரையவில்லை. முன்வரிசைக்காரி எழுத்துக்கூட்டத் தொடங்கினாள்: "அ... ர... சி..."

மினுக்கி மூச்சை இழுத்து வயிற்றை எக்கினாள்.

"அசையாதேடி," என்றாள் டீச்சர். "அவள் வாசித்து முடிக்கட்டும்."